எத்தனை பேர் என்று கேட்டீர்கள்; எப்படி என்றும் கேளுங்கள்



நம் மருத்துவமனையின் ஆண்டறிக்கையில் ‘குடும்ப நலப் பிரிவு’ என்று ஒரு பக்கம் வரும். கருத்தடை அறுவை செய்துகொண்டவர் எத்தனை பேர், காப்பர் டி பொருத்திக்கொண்டவர் எத்தனை பேர், ஆலோசனை பெற்றவர் எத்தனை பேர் என்று மூன்றே வரிகள். பல ஆண்டுகளாக அந்தப் பக்கத்தை அச்சுக்குப் போகுமுன் பிழைதிருத்திக் கொடுப்பவன் நான். எண்ணிக்கை கூடியிருந்தால் ஸ்தோத்திரம் என்று எழுதினேன். குறைந்திருந்தால் ஜெபிக்கும்படி உங்களைக் கேட்டுக்கொண்டேன். அந்த மூன்று வரிகளில் எது இல்லை என்று நான் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவர் ஓடைப்பட்டியில் நாங்கள் சந்தித்த ஒரு சகோதரி. இந்தப் பாடம் அவரிடமிருந்து தொடங்குகிறது. அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம்.

ஓடைப்பட்டி உங்களில் பலருக்குத் திராட்சையால் தெரிந்த ஊர். சின்னமனூர்ப் பக்கம் போனவர்கள் அந்தப் பந்தல்களைப் பார்த்திருப்பீர்கள். கவாத்து, கொடி கட்டுதல், குலை பறித்தல் என்று எல்லா வேலையும் தலைக்கு மேல் கையைத் தூக்கி நின்றபடி செய்யவேண்டியவை. பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். அந்த ஊருக்கு எங்கள் சமுதாய நலப் பிரிவினர் போனபோது, குடும்ப நலச் சேவை பெற்றவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்று அறிய ஒரு கேள்வித்தாளையும் எடுத்துப் போனார்கள். கேள்வி கேட்டது எங்கள் செவிலியர் சகோதரி. ஆண்கள் அருகில் இருக்கவேண்டிய பேச்சு அல்ல. ஆகவே நான் சற்றுத் தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சகோதரிக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு நம் மருத்துவமனையிலேயே காப்பர் டி பொருத்திக்கொண்டவர். கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றே: “நல்லாக் கவனிச்சாங்க சிஸ்டர். ஒரு குறையும் இல்ல.” செவிலியர் ‘முழுத் திருப்தி’ என்ற கட்டத்தில் குறியிட்டுத் தாளை மடித்துவிட்டார். பேருந்து நிறுத்தம் வரை வழியனுப்ப வந்த அந்தப் பெண், அங்கே நின்றபடிதான் கேட்டார்.

“சிஸ்டர், ஒண்ணு கேக்கலாமா? இதை எடுக்க முடியுமா, இல்ல கடைசி வரைக்கும் உள்ளேயேதான் இருக்கணுமா?”

பொருத்தியதிலிருந்து மாதவிலக்கின்போது உதிரப்போக்கு அதிகமாம். கவாத்து வேலையில் நாள் முழுக்க நிற்க முடியவில்லையாம். மறுபடி வந்தபோது சொல்லியிருக்கிறார். “அப்படித்தாம்மா இருக்கும், போகப்போகச் சரியாயிரும்” என்று அனுப்பிவிட்டார்கள். மாமியாரோ, அது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று தினமும் பயமுறுத்துகிறார்.

“அப்புறம் ஏம்மா குறையே இல்லன்னு சொன்ன?” என்று செவிலியர் கேட்டார்.

“காசு வாங்காமப் பார்க்குறீங்க. அதுல போய்க் குறை சொன்னா நல்லாருக்குமா?”

இந்தப் பதிலை செவிலியர் என்னிடம் சொன்னபோது நான் வாயடைத்துப் போனேன். பிரியமானவர்களே, காசு வாங்காமல் பார்க்க முடிவது உங்கள் காணிக்கையால். அந்த நன்றியே அவள் வாயைக் கட்டிப்போட்டது. தர்ம ஆஸ்பத்திரியில் குறை சொல்வது நன்றிகெட்டதனம் என்று அவள் நினைத்தாள். நாமும் அந்த மௌனத்தைத் திருப்தி என்று எழுதி உங்களுக்கு அனுப்பினோம்.

ஆய்வாளர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. மருத்துவமனை வாசலிலே நிறுத்தி ‘திருப்தியா’ என்று கேட்டால், உலகம் முழுவதும் பெரும்பாலோர் ‘ஆம்’ என்றே சொல்கிறார்கள். கேட்பவரின் மனம் நோகக் கூடாது என்ற மரியாதை, நாளைக்கு மறுபடி வரவேண்டுமே என்ற பயம், இதைவிட நல்ல கவனிப்பைக் கண்டதே இல்லை என்பது, இவை எல்லாம் அந்த ‘ஆம்’ என்ற சொல்லுக்குள் இருக்கின்றன. அப்படியானால் ஒருவர் எப்படி நடத்தப்பட்டார் என்பதை எப்படித்தான் அளப்பது?

அதற்கு முன், நம் நாட்டில் இதுவரை எதை அளந்தோம் என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கருத்தடை அறுவைக்குப் பணம் கொடுக்கும் முறையை முதலில் தொடங்கியவற்றுள் ஒன்று நம் சென்னை ராஜ்யம். அது 1950களின் பிற்பகுதி. அதன்பின் இலக்கு வந்தது. 1976-77 என்ற ஒரே ஆண்டில், அவசர நிலையின்போது, நாட்டில் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. நான் அப்போது பள்ளி மாணவன். பெரியவர்கள் அதைப்பற்றித் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. அவசர நிலை போன பிறகும் இலக்கு போகவில்லை. மார்ச் மாதம் நெருங்கினால் கிராமத்துச் செவிலியர்கள் ‘கேஸ் பிடிக்க’ அலைவார்கள். கேஸ் என்பது ஒரு தாய். அந்தச் சொல் இன்னும் நம் வார்டுகளில் புழங்குகிறது, நானும் சொல்லியிருக்கிறேன். 1996 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் இலக்கு முறை எடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. தாளில் எடுப்பது சுலபம். பழக்கத்திலிருந்து எடுப்பது அப்படியல்ல.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் என்ன நேரும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும். 2012 ஜனவரி 7 அன்று பீகாரின் அராரியா மாவட்டத்தில், கபர்ஃபோரா என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு இரவு வேளையில் அறுவை செய்தார்கள். 2014 நவம்பர் 8 அன்று சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே, மூடிக்கிடந்த ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில், ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். அங்கும் அடுத்த நாட்களில் அப்பகுதியில் நடந்த முகாம்களிலும் அறுவை செய்துகொண்டவர்களில் 13 பெண்கள் இறந்தார்கள். நம்மைப் போன்றவர்கள் எழுதும் ஓர் அறிக்கையில் அந்த நாள் வந்திருந்தால், ‘பயனடைந்தோர் 83’ என்றுதான் வந்திருக்கும்.

தேவிகா பிஸ்வாஸ் என்ற சமூகப் பணியாளர் கபர்ஃபோரா சம்பவத்தை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 2016 செப்டம்பர் 14 அன்று வந்த தீர்ப்பு, மூன்று ஆண்டுகளுக்குள் இத்தகைய முகாம்களை நிறுத்தவேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பில் என் மனதில் நின்றது வேறொரு சிறிய விஷயம். அறுவையின் விளைவுகளை அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்கவேண்டும்; விளக்கிய பிறகு, மனம் மாறுவதாயிருந்தால் மாற, ஏறக்குறைய ஒரு மணி நேரமாவது அவகாசம் தரவேண்டும் என்றார்கள் நீதிபதிகள். ஒரு மணி நேரம்! எங்கள் பிரசவ வார்டில் அந்த ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன்.

நம் தமிழ்நாட்டில் முகாம் மரணங்கள் போன்றவை அரிது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் நம் நிலவரம் வேறு வகையானது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 100-க்கு 57.8 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள் அறுவை செய்துகொண்டது 100-க்கு 0.1, அதாவது ஆயிரத்துக்கு ஒருவர். (ஆண்களுக்கான அறுவைதான் எளிது, ஆபத்தும் குறைவு என்று மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். நம் சபை ஆண்கள் கூட்டங்களில் இதை யாராவது பேசக் கேட்டதுண்டா?) இங்கே அறுவைகளில் பல, பிரசவத்தையொட்டியே நடக்கின்றன. அப்படியானால் சம்மதக் கையெழுத்து எப்போது வாங்கப்படுகிறது? பிரசவ வேதனையிலிருக்கும் பெண்ணிடம் நிரந்தரக் கருத்தடைக்குச் சம்மதம் கேட்கக் கூடாது என்பது மருத்துவ உலகில் ஒப்புக்கொள்ளப்பட்ட நெறி. இன்னொன்று: மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளின்படி, இந்த அறுவைக்குக் கணவரின் கையெழுத்து அவசியமில்லை, அந்தப் பெண்ணின் சம்மதமே போதும். இதை ஒரு செவிலியர் கூட்டத்தில் நான் வாசித்தபோது, பல ஆண்டு அனுபவமுள்ளவர்களே ‘அப்படியா ஐயா’ என்றார்கள். கணவரும் மனைவியும் கலந்து பேசுவது நல்லதுதான். அதற்காக அவர் வரும்வரை அவளைத் திருப்பி அனுப்பவேண்டும் என்பதில்லை.

இப்போது அளவைக்கு வருவோம். 1990இல் நியூயார்க்கிலுள்ள பாப்புலேஷன் கவுன்சில் என்ற நிறுவனத்தின் ஜூடித் புரூஸ் அம்மையார் ஒரு கட்டுரை எழுதினார். குடும்ப நலச் சேவையின் தரத்தை ஆறு கோணங்களில் பார்க்கலாம் என்றார். தெரிந்தெடுக்கப் பல முறைகள் இருந்தனவா? விவரம் சொல்லப்பட்டதா? கைத்திறன் சரியாக இருந்ததா? மனிதரை மனிதராக நடத்தினார்களா? பிறகும் தொடர்ந்து கவனித்தார்களா? அவளுடைய மற்றத் தேவைகளோடு பொருந்த, வசதியான இடத்திலும் நேரத்திலும் சேவை கிடைத்ததா? இன்று நமக்கு இவை சாதாரணமாகத் தோன்றும். அன்று, பெண்ணின் பக்கம் நின்று சேவையைப் பார்ப்பதே பல திட்டக்காரர்களுக்குப் புதிது.

இந்த ஆறையும் ஓடைப்பட்டித் தெருவில் வைத்துக் கேட்க முடியாது. ஆகவே பின்னால் வந்தவர்கள் மிக எளிய வழி ஒன்று கண்டார்கள். ‘திருப்தியா’ என்று கேட்காதே. நடந்தது என்ன என்று கேள். நம் தேசியக் கணக்கெடுப்பிலும் உள்ள அந்தக் கேள்விகள் மூன்று: வேறு முறைகளும் இருக்கின்றன என்று உங்களுக்குச் சொன்னார்களா? இந்த முறையால் வரக்கூடிய பக்கவிளைவுகளைச் சொன்னார்களா? அப்படி வந்தால் என்ன செய்யவேண்டும் என்று சொன்னார்களா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றவர் எத்தனை பேர் என்பதே அளவு. இந்த முறை பிடிக்காவிட்டால் வேறொன்றுக்கு மாறலாம் என்று சொன்னார்களா என்ற நான்காவது கேள்வியை, அதே நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய நம் நாட்டவர் அன்ருத் ஜெயினும் அவரோடு சேர்ந்தவர்களும் பின்னாளில் சேர்த்தார்கள். எனக்கு அந்த நான்காவதுதான் முக்கியமாகப் படுகிறது. ‘எடுக்க முடியுமா, இல்ல கடைசி வரைக்குமா’ என்று பேருந்து நிறுத்தத்தில் கேட்டவருக்கு அந்தக் கேள்வியில்தான் பதில் இருக்கிறது.

இந்த மாதிரிக் கேள்வியின் நன்மையைக் கவனியுங்கள். இதில் யாரையும் குறை சொல்லவேண்டியதில்லை. ‘சொன்னாங்க’, ‘சொல்லல’, அவ்வளவே. நன்றியுள்ள பெண்ணும் கூசாமல் பதில் சொல்லலாம். திராட்சை வியாபாரி பந்தலுக்கு வந்தால், தோட்டக்காரரிடம் ‘பழம் இனிப்பா’ என்று கேட்பதோடு நிற்கமாட்டார். ஒன்றைப் பறித்து வாயில் போட்டுப் பார்ப்பார். அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாடு முழுவதுக்குமான பதில் என்ன? பக்கவிளைவுகளைப் பற்றித் தங்களுக்குச் சொல்லப்பட்டது என்றவர்கள், 2015-16 கணக்கெடுப்பில் 100-க்குச் சுமார் 47 பேர். 2019-21இல் சுமார் 62 பேர். முன்னேற்றம் உண்டு. ஆனாலும் மூன்றில் ஒருவருக்கு மேல், தன் உடம்புக்குள் வைக்கப்பட்டதோ செய்யப்பட்டதோ என்ன விளைவைத் தரும் என்று கேள்விப்படாமலே வீடு திரும்பியிருக்கிறார். 2017 முதல் அரசு மருத்துவமனைகளில் தரப்படும் ‘அந்தரா’ ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவது. மாதவிலக்கு ஒழுங்கு மாறும், சிலருக்கு நின்றே போகும். முன்கூட்டிச் சொன்னால் அந்தப் பெண் பொறுத்துக்கொள்வாள், அல்லது வேண்டாம் என்பாள். சொல்லாவிட்டால், மறுபடி கருவுற்றோமோ என்றோ, ஏதோ வியாதி என்றோ இரவெல்லாம் அழுவாள். அப்படி அழுத ஒருவருக்காக நான் ஜெபித்திருக்கிறேன். அன்று தேவைப்பட்டது என் ஜெபம் மட்டுமல்ல, இரண்டு நிமிட விளக்கமும்.

இந்த நான்கு கேள்விகளாலும் அளக்க முடியாதது ஒன்று உண்டு. கடிந்துகொண்டார்களா? திரை போட்டார்களா? பெயர் சொல்லி அழைத்தார்களா? ‘மூணு பிள்ளை பெத்தவளுக்கு என்ன வெட்கம்’ என்றார்களா? 2018இல் இந்தியாவிலும் கென்யாவிலும் பெண்களிடம் சோதித்து, இப்படிப்பட்டவற்றைக் கேட்கும் நீண்ட கேள்வித்தாள் ஒன்றை வெளியிட்டார்கள். மரியாதை, சுயமாகத் தீர்மானிக்கும் உரிமை, புரியும்படி பேசுதல் ஆகியவை அதில் உண்டு. வேறு சில இடங்களில், பயிற்சி பெற்ற பெண் ஒருவரை நோயாளி போல அனுப்பி, நடப்பதைப் பார்த்துவரச் செய்வார்கள். உண்மை தெரியத்தான் செய்யும். ஆனால் எங்கள் செவிலியர்களிடம் ஒருவரை வேஷம் போட்டு அனுப்ப என் மனம் ஒப்பவில்லை. நிர்வாகக் குழுவில் சிலர் என்னோடு வாதாடினார்கள். இன்னும் அந்த வாதம் முடியவில்லை.

ஓடைப்பட்டிக்குப் பிறகு நாங்கள் செய்தது எளியது. கேள்வியை மருத்துவமனைக்குள் கேட்பதில்லை. சிகிச்சை தந்தவர் கேட்பதில்லை. சீருடை அணிந்தவரும் கேட்பதில்லை. சில வாரம் கழித்து, வீட்டிலோ தோட்டத்திலோ, மாமியாரோ கணவரோ அருகில் இல்லாத வேளையில் கேட்கிறோம். பெயர் எழுதுவதில்லை. கடைசியில், ‘இன்னொருத்தி வந்தா அவளுக்கு எதை மாத்திச் செய்யணும்?’ என்று ஒரு கேள்வி. தனக்காகக் குறை சொல்லத் தயங்குகிறவர்கள் இன்னொருத்திக்காகச் சொல்லிவிடுகிறார்கள்.

முதலில் வந்த பதில்களை வாசித்த நாள் இனிமையாக இல்லை. மூத்த செவிலியர் ஒருவர் எழுந்து, “இத்தனை வருஷம் ராத்திரி பகலா உழைச்சதுக்கு இதான் பேரா ஐயா?” என்று கேட்டு அழுதுவிட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காலையில் ஒரே செவிலியர் எல்லாரையும் பார்க்கிறார். ஆலோசனை அறை என்று பெயர்ப்பலகை இருக்கிறது; ஆனால் அது பாதையை ஒட்டிய ஒரு மூலை. மருந்துச் சீட்டோடு நிற்கிறவர்கள் காதில் எல்லாம் விழும். அந்த இடத்தில் எந்தப் பெண் தன் உதிரப்போக்கைப் பற்றி வாய்திறப்பாள்? அளந்து பார்த்ததால் அந்தச் செவிலியரின் குற்றம் மட்டுமல்ல, அவருக்கு நாம் கொடுக்காததும் தெரிந்தது: கதவுள்ள ஓர் அறை, இன்னொரு செவிலியர், பிரசவத்துக்கு வரும் முன்பே, கர்ப்பகாலப் பரிசோதனையிலேயே, நிதானமாகப் பேச நேரம்.

குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி நம் சபைகளில் ஒரே கருத்து இல்லை என்பதை அறிவேன். மனச்சாட்சியின் காரணமாக இந்தப் பிரிவுக்குக் காணிக்கை தராதவர்களும் நம்மில் உண்டு, அவர்களை மதிக்கிறேன். அவர்களும் இந்தக் கட்டுரையை வாசிக்கலாம். எரிகோ வழியோரத்தில் கண்பார்வையற்ற பர்த்திமேயுவின் தேவை இன்னதென்று பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் தெரியும். ஆனாலும் ஆண்டவர் அவனுக்கு என்ன வேண்டும் என்று அவனிடமே முதலில் கேட்டார். கேட்ட பிறகே பார்வை தந்தார் என்பதை இறையியல் கல்லூரியில் படித்தபோது நான் கவனிக்கவில்லை. ஓடைப்பட்டிக்குப் பிறகுதான் கண்ணில் பட்டது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ‘இந்த ஆண்டு எத்தனை பேருக்குச் செய்தீர்கள்’ என்று நீங்கள் கேட்கும்வரை, நாங்களும் அதையே எண்ணிக்கொண்டிருப்போம். கொடுப்பவர் கேட்பதைத்தான் வாங்குபவர் அளப்பார். எங்களுக்கு எழுதும்போது அந்த நான்கு கேள்விகளின் பதில் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். எண்ணிக்கை குறைந்த ஆண்டில் கோபிக்காதீர்கள். விளக்கம் கேட்டபின் சிலர் ‘வேண்டாம்’ என்று சொல்லிப் போயிருக்கலாம். அப்படிப் போனவரும் நன்றாக நடத்தப்பட்டவரே. உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்திலும் இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் பலர் கருத்தடை செய்துகொண்டவர்களாயிருப்பார்கள். எந்த மருத்துவமனையில் என்று சொல்லவேண்டியதில்லை.

அந்தச் சகோதரி கவாத்து முடிந்த வாரம் வந்தார். காப்பர் டி நெஞ்சுக்கு ஏறாது, வகையைப் பொறுத்து 5 அல்லது 10 ஆண்டு வரை இருக்கலாம், வேண்டாமென்றால் எந்த நாளிலும் வந்து எடுத்துக்கொள்ளலாம், முதல் சில மாதங்களில் உதிரப்போக்கு கூடுவதுண்டு, அதற்கு மருந்தும் உண்டு என்று படம் காட்டி விளக்கினார்கள். இரத்தப் பரிசோதனையில் சோகை இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். எடுத்துவிடவா என்று கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று போய், அடுத்த மாதம் வந்து எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். வேறு என்ன முறை வேண்டும் என்பதை இன்னும் அவர் சொல்லவில்லை, நாங்களும் அவசரப்படுத்தவில்லை.

சில வாரம் கழித்து அவரிடமும் கேள்வித்தாளோடு போனார்கள். நான்குக்கும் ‘சொன்னாங்க’ என்றார். கடைசிக் கேள்வி வந்ததும் சற்று யோசித்தார்.

“அந்தப் பெஞ்சை வெயில்ல போட்டிருக்கீங்கல்ல, அதை நிழலுக்கு மாத்துங்க. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு எம்புட்டு நேரந்தான் காயிறது?”

போனவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தார். பெஞ்சு இப்போது வேப்பமரத்தடியில் கிடக்கிறது.